தேதியும் தொகையும் கேட்டவர்கள்

காரைக்குடியில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்கள், வெளிநாட்டில் சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் நம் ஊர்க்காரர்கள், காவல் நிலைய மரணங்கள் என்று எதைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டாலும், அமைச்சகங்கள் தரும் விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. இந்தக் கேள்விகளால் ஏதாவது பயன் உண்டா, அல்லது இது வெறும் சடங்கா?"

பயன் உண்டு. ஆனால் பெரும்பாலோர் தேடும் இடத்தில் அது இருப்பதில்லை. கேள்வி கேட்ட அன்றைக்கே அரசு தன் போக்கை மாற்றிக்கொள்வது மிக அபூர்வம். அமைச்சர் அவையில் சொன்ன சொல் அச்சேறி, பிறகு அவராலேயே மறுக்க முடியாத சாட்சியாக நிற்பதுதான் உண்மையான பயன். அந்தச் சாட்சி கனமானதா காற்றானதா என்பதைத் தீர்மானிப்பது கேள்வியின் சொல்லமைப்பு. அரசியல் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பல ஆண்டுகளாக இந்த வினா விடைகளைப் படித்து வருகிறேன். எனினும் இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கல்லூரி அல்ல, எங்கள் ஐயா, அதாவது என் தாத்தா.

ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். பெகு பக்கத்தில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்து மேலாளாக உயர்ந்து, 1964இல் பர்மா அரசு கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு ஒரு பெட்டியோடு ஊர் திரும்பினார். வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நீளவாட்டுப் பேரேடு ஒன்று கிடக்கும். கணக்கெழுதி மிஞ்சிய பக்கங்களில், பர்மாவில் விட்டு வந்த சொத்துகளைப் பற்றி தில்லியில் நடந்த கேள்வி பதில்களின் செய்தித்தாள் துணுக்குகளைப் பசை தடவி ஒட்டி வைத்திருந்தார். அரசு பர்மாவோடு பேசி வருகிறது என்ற பொருளில் வந்த ஒவ்வொரு துணுக்கின் ஓரத்திலும் பென்சிலால் இரண்டே சொற்கள் எழுதியிருப்பார்: "தேதி? தொகை?" ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டுப் பழகிய மனிதருக்குத் தேதியும் தொகையும் இல்லாத விடை விடையாகவே படவில்லை. நாடாளுமன்ற விடைகளைப் படிக்க அதைவிடச் சிறந்த அளவுகோலை நான் இன்றுவரை காணவில்லை.

சட்டமன்றத்தில் கேள்வியைக் கூர்மையான கருவியாக்கிய முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்தவர். தீரர் சத்தியமூர்த்தி 1887இல் திருமயத்தில் பிறந்தவர். 1935 முதல் தில்லி மத்திய சட்டமன்றத்தில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக அமர்ந்து, விடை வந்தவுடன் அதைத் தொடர்ந்து கேட்கும் துணைக்கேள்விகளால் வெள்ளையர் அரசின் உறுப்பினர்களைத் திணறடித்தார். ஆனால் அன்றைய விதிகளில் இரண்டு கதவுகள் அடைபட்டிருந்தன. வெளிநாட்டு அரசுகளோடு உள்ள உறவைத் தொடும் கேள்விக்கும், சமஸ்தான மன்னர்களோடு உள்ள உறவைத் தொடும் கேள்விக்கும் அனுமதி கிடையாது. திருமயம் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. தான் பிறந்த ஊரை ஆண்ட மன்னருக்கும் தில்லிக்கும் இடையே நடப்பதைக் கூட அந்தப் பெரிய கேள்வியாளரால் அவையில் கேட்க முடியாது என்பதே அதன் பொருள். இன்று ஒரு சாதாரண உறுப்பினர் வெளியுறவு அமைச்சரை எழுந்து நிற்க வைக்க முடிகிறதென்றால், அது தானாக வந்த வழக்கம் அல்ல. மறுக்கப்பட்டிருந்து பிறகு பெற்ற உரிமை. ஆகவே அதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இனி நடைமுறை. மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கும் கேள்வி நேரம். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வியை எழுதித் தர வேண்டும். வந்து குவிபவற்றில் எது முந்துவது என்பது குலுக்கலில் தீர்மானமாகும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடை கோரும் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலிடப்படும், 230 குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் விடை கிடைக்கும். நட்சத்திரக் கேள்விகளின் பட்டியலைப் பச்சைத் தாளில் அச்சிடுவது வழக்கம். அந்த இருபதிலும் நேரத்துக்குள் வாய்மொழி விடைக்கு எட்டுபவை சிலவே, எஞ்சியவை எழுத்து விடையாகிவிடும். எட்டியவற்றுக்கு மட்டுமே துணைக்கேள்வி உண்டு. கேட்டவருக்கு இரண்டு, பிறகு அவைத்தலைவர் அழைக்கும் மற்றவர்களுக்கு. முதல் விடை அதிகாரிகள் எழுதிக்கொடுத்தது. துணைக்கேள்விக்கு அமைச்சர் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். அரசு தான் நினைத்ததைவிட அதிகம் சொல்லிவிடும் தருணம் அதுதான்.

ஒரே அச்சில் வார்த்த விடை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இலங்கைச் சிறையில் உள்ள நம் மீனவர்களை மீட்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" என்று ஒருவர் கேட்டால், மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது, தூதரக வழியில் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது என்று விடை வரும். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கேள்வி "நடவடிக்கை என்ன" என்று அகலமாகத் திறந்திருந்ததால் விடையும் அந்த அகலத்திலேயே நின்றுவிட்டது.

இதே பொருளை இப்படிக் கேட்கலாம். (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் கைதான தமிழக மீனவர்கள், பறிமுதலான விசைப்படகுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக. (ஆ) அவர்களில் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் எத்தனை பேர், விசாரணைக் காவலில் இருப்பவர் எத்தனை பேர். (இ) இந்தியத் தூதரக அதிகாரிகள் அவர்களை நேரில் சந்தித்த தேதிகள். (ஈ) இரு நாட்டு மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி, படகுகளை விடுவிப்பது பற்றி அதில் எடுத்த முடிவு. இதற்கு "முன்னுரிமை தருகிறோம்" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. ஆனாலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "(அ) முதல் (ஈ) வரை" என்று தலைப்பிட்டு, நான்குக்கும் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிவிடுவார்கள். (அ)வுக்கும் (ஆ)வுக்கும் எண்கள் இருக்கும், (இ)யும் (ஈ)யும் பத்திக்குள் கரைந்து போயிருக்கும். விடையை வாங்கியவுடன் உறுப்பினர் செய்ய வேண்டியது, கேட்டதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட உட்பிரிவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் துணைக்கேள்வியாகவோ அடுத்த வாரத்துக் கேள்வியாகவோ கேட்பதுதான். இதைப் பொறுமையாகச் செய்பவர்கள் குறைவு. விடைகள் அச்சு வார்ப்பாக இருப்பதற்கு அமைச்சகங்கள் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு முதல் விடையோடு நிறுத்திக்கொள்ளும் உறுப்பினர்களும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வெளியுறவுக் கேள்விக்கு இன்னொரு வேலியும் உண்டு. மக்களவை விதி 41 சில நிபந்தனைகளை வைக்கிறது. கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, வாதமும் ஊகமும் இருக்கக் கூடாது, அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது, நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது. "இலங்கை அரசின் இனவெறியை இந்தியா கண்டிக்கிறதா?" என்று எழுதினால் இதில் மூன்று நிபந்தனைகளாவது மீறப்படும், கேள்வி அவைச் செயலகத்தைத் தாண்டாது. நியாயமான கோபத்தைக் கூட எண்ணாகவும் தேதியாகவும் மாற்றித்தான் உள்ளே அனுப்ப முடியும். இது கோபத்தின் வலுவைக் குறைப்பதாக இளைஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விளங்கும்.

பள்ளத்தூர் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வளைகுடா நாடொன்றில் ஒன்பது மாதச் சம்பளம் கிடைக்காமல், கடவுச்சீட்டும் கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டார். அவருடைய மனைவி எழுதிக்கொண்டு வந்த மனுவில் மூன்று பக்கமும் கண்ணீர்தான். அதை அனுப்பினோம், ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்தது. இரண்டாம் முறை மனுவை ஒரே பக்கத்துக்குள் அடக்கினோம். கடவுச்சீட்டு எண், வேலை ஒப்பந்தத்தின் தேதி, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு சம்பளப் பாக்கி, தூதரகத்தில் புகார் கொடுத்த நாள், வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் பெற்ற பதிவு எண். அந்தப் பெண் வாசல் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் கணவர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி எண்களைப் படிக்க, நான் எழுதினேன். நாடாளுமன்ற உறுப்பினர் அதைக் கடிதமாக அமைச்சகத்துக்கு அனுப்பினார். அதோடு, பெயர் எதுவும் சொல்லாமல், அந்த நாட்டிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர் அனுப்பிய சம்பளப் பாக்கிப் புகார்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை, ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பவை எத்தனை என்று குறியிடாத கேள்வி ஒன்றையும் கொடுத்தார். தனி மனிதரின் துயரத்துக்குக் கடிதம், துயரத்தின் பரப்பை அளக்கக் கேள்வி என்ற இந்தப் பிரிவு மிக முக்கியமானது. கொத்தனார் சில மாதங்களில் ஊர் திரும்பினார். பாக்கி முழுவதும் வரவில்லை. ஆனால் அந்த விடையில் இருந்த எண்கள், அதே நாட்டில் மாட்டிக்கொண்ட மற்றவர்களின் மனுக்களில் மேற்கோளாக ஏறின.

கேள்விக்குப் பிறகு வரும் கருவிகளில் நான் பெரிதும் மதிப்பது அரசு உறுதிமொழிக் குழுவை. மக்களவையில் இது 1953இல் அமைந்தது. அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது" என்றோ, "விவரம் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்" என்றோ சொன்னால், அது உறுதிமொழிப் பட்டியலில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும். வழவழப்பான விடைகள் பலவற்றில் இப்படிப்பட்ட சொல் ஒன்று அகப்பட்டுக் கிடக்கும். அதைப் பிடித்துக் குழுவுக்கு எழுதுகிற உறுப்பினர், அமைச்சகத்துக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டும் ஓர் அமைப்பையே தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். விடை போதவில்லை என்றால் விதி 55இன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம். அவசரமான பொருளுக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம் உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் செலவுக் கோரிக்கைகளை நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் ஆராய்ந்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கைகளைப் பத்திரிகைகள் அதிகம் தொடுவதில்லை, மாணவர்களாவது படிக்க வேண்டும்.

கேள்விகள் அரசின் வாயிலிருந்து பெரிய உண்மையை வரவழைத்ததற்கு 1959 நல்ல சான்று. லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் பகுதி வழியாகச் சீனா சாலை போட்டு முடித்திருந்த செய்தி, அதற்கு முன்பே அரசுக்குத் தெரியும். எல்லையைப் பற்றி உறுப்பினர்கள் விடாமல் கேட்ட நிலையில், 1959 ஆகஸ்டு இறுதியில் நேரு அந்தச் சாலையைப் பற்றி மக்களவையில் வெளிப்படையாகப் பேசினார். செப்டம்பரில் இரு அரசுகளின் கடிதப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையாக வெளிவந்தது. பெரும்பான்மையும் மக்கள் செல்வாக்கும் நிறைந்த பிரதமர் கூட அவை கேட்டால் தாளை மேசையில் வைத்தாக வேண்டும் என்ற முன்மாதிரி அங்கே பதிவாயிற்று.

எதிர்ச் சான்று கச்சத்தீவு. 1974 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை படித்தபோது, தி.மு.க.வின் இரா. செழியனும் வாஜ்பாயும் இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அப்போது முடிந்துபோன காரியத்தைப் பற்றித்தான் பேச முடிந்தது. வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மட்டும் 253ஆம் பிரிவு தருகிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறுதி செய்யப்பட வேண்டிய ஒப்பந்தங்கள் பொதுவாக 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். அத்தகைய விதி இங்கே இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன். கையெழுத்துக்குப் பின் வரும் கேள்வியைக் காட்டிலும் முன் வரும் கேள்விக்குப் பலமடங்கு பெறுமானம் உண்டு.

மனித உரிமையும் வெளியுறவும் நேராக முட்டிக்கொள்ளும் இடம் ஜெனீவா. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றி வந்த தீர்மானங்களில் இந்தியா 2009இல் இலங்கை அரசுக்குச் சாதகமாக வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்பேற்கச் சொல்லும் தீர்மானங்களை ஆதரித்தது. 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் தில்லி அவைகளில் தமிழக உறுப்பினர்கள் எழுப்பிய குரலும், 2013 மார்ச்சில் தி.மு.க. கூட்டணியை விட்டு விலகியதும், தமிழகச் சட்டமன்றத் தீர்மானங்களும் இருந்தன. வெளியுறவு மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால் சென்னையில் ஓர் உறுப்பினர் அதைப் பற்றி மாநில அமைச்சரிடம் விடை கேட்க முடியாது, தீர்மானம் போடலாம், அவ்வளவே. ஆனால் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் வீடு, படிப்பு, உதவித்தொகை ஆகியவை மாநில நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அவற்றைப் பற்றிச் சட்டமன்றத்திலேயே தேதியும் தொகையும் கேட்க முடியும். தீர்மானத்துக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இந்தக் கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை. முகாமில் இருப்பவருக்கு இவைதான் அதிகம் உதவுகின்றன.

உள்நாட்டு மனித உரிமையை வெளியுறவோடு இணைத்துக் கேட்கத் தெரிவது ஒரு தனித் திறமை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்னும் அதை உறுதி செய்யவில்லை. அதற்காகக் கொண்டுவந்த சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், பிறகு சட்டமாகாமலே போயிற்று. நம் சிவகங்கை மாவட்டத்தில், திருப்புவனம் பகுதியில், 2025 ஜூனில் கோயில் காவலாளி ஒருவர் காவல்துறை விசாரணையின்போது உயிரிழந்தார். அதை மாநிலச் சட்டம் ஒழுங்குச் செய்தியாக மட்டும் பார்த்தால், தில்லியில் அதற்கு இடமில்லை என்ற விடை வரும். உடன்படிக்கையை உறுதி செய்வது எந்த நிலையில் உள்ளது, எந்த அமைச்சகத்திடம் கோப்பு இருக்கிறது, மாநிலங்களிடம் கருத்துக் கேட்ட தேதி என்ன என்று கேட்டால், அது முழுக்க முழுக்கத் தில்லி பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அது போலவே, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கையை, அரசு எடுத்த நடவடிக்கையின் விவரத்தோடு, நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எந்த ஆண்டின் அறிக்கை எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்ற ஒற்றைக் கேள்வி, பல நேரங்களில் நீண்ட உரையைவிட அதிகம் வெளிப்படுத்தும்.

வெளிநாட்டு வழிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நம்மவர்களைத் தொட்டது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் எழுத்துக் கேள்விகள் கேட்கலாம். முன்னுரிமைக் கேள்விக்கு மூன்று வாரத்தில், சாதாரணக் கேள்விக்கு ஆறு வாரத்தில் விடை வர வேண்டும். அங்கே கேள்விக்குப் பின்னால் வணிகம் நிற்கிறது. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்ற காரணத்தால் இலங்கைக்குத் தந்த ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் திரும்பக் கிடைத்தது. 2021 ஜூனில் இலங்கையின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி, அந்தச் சலுகையை மறுபடி ஆராய வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு கொழும்பு அந்தச் சட்டத்தில் சில திருத்தங்கள் செய்தது. அந்தத் திருத்தங்கள் போதாது என்பது வேறு விஷயம். ஆடை ஏற்றுமதி பாதிக்கப்படும் என்ற கவலை இல்லாதிருந்தால் அவையும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் அமைச்சர்கள் அவையில் உறுப்பினர்களாக இருப்பதில்லை. ஆகவே குழு விசாரணைகளும் நிதி ஒதுக்கீடுமே அங்கே கேள்வியின் இடத்தை நிரப்புகின்றன.

தாங்கள் ஆய்வுக்குப் பொருள் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். காரைக்குடி சிவகங்கை மக்களவைத் தொகுதியில் வருகிறது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் ஒருவர் ஒரு பதவிக்காலத்தில் வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவையின் இணையதளத்தில் விடைகளோடு கிடைக்கும். ஒரு தாளில் இடப்பக்கம் கேட்ட உட்பிரிவுகளையும், வலப்பக்கம் விடையில் உண்மையாகவே பதில் பெற்ற உட்பிரிவுகளையும் எழுதுங்கள். "(அ) முதல் (ஈ) வரை" என்று தொடங்கும் விடைகளைத் தனியே எண்ணுங்கள். பதில் வராத உட்பிரிவை அதே உறுப்பினர் மறுபடி கேட்டாரா என்று பாருங்கள். ஐயாவின் பேரேட்டில் வெற்றுப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. விருப்பமானால் வந்து வாங்கிக்கொண்டு, அதிலேயே எழுதலாம்.